பாத்திக்கு மேல் தாழ்கூடாரம்: எந்த வேலையை எதற்குப் பின் செய்வது

கூண்டு வண்டியின் மேற்கூட்டைக் கழற்றிப் பாத்தியின் மேல் வைத்தது போல இருக்கும் தாழ்கூடாரம். அரைவட்டமாக வளைத்த குழாய்களோ கம்பிகளோ சில, அவற்றின் மேல் வலையோ பாலித்தீனோ ஒரு போர்வை, அதைப் பிடித்து வைக்க மண்ணும் கயிறும். உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். பொருள் எல்லாம் கையில் இருந்தால் ஒரு பாத்திக்கு அரை நாள் வேலை.

எளிய வேலை என்பதாலேயே பலர் வரிசையைத் தவறவிடுகிறார்கள். துணியை வாங்கிவிட்டுப் பாத்தியை அளக்கிறார்கள். பூச்சி வந்த பிறகு பூச்சிவலையைத் தேடுகிறார்கள். நான்கு பக்கமும் மண் அணைத்து அழகாக மூடிவிட்டு, மறுநாள் களை எடுக்க எந்தப் பக்கம் கையை விடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நான் பார்த்த கூடாரங்களில் சரிந்து விழுந்தவை குறைவு. திறக்கச் சிரமமாக இருந்ததால் கைவிடப்பட்டவைதான் அதிகம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் "இதை நாளைக்கு எப்படித் திறப்பேன்?" என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எதைத் தடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

போர்வையைத் தேர்ந்தெடுப்பது முதல் படி. வளைவின் உயரம், ஓரத்தை மூடும் முறை, தினசரி வேலை எல்லாம் அதைப் பொறுத்தே மாறும். ஒரே போர்வை வெயிலையும் பூச்சியையும் குளிரையும் மழையையும் தடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பூச்சிதான் கவலை என்றால் பூச்சிவலை. 40 மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் 40 கண்கள் என்று பொருள். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் இது போதும். இலைப்பேன் அதைவிட ஒல்லியானது. அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். முட்டைக்கோசைத் தேடி வரும் அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சி போன்றவற்றுக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை. தேவைக்கு மேல் நெருக்கமான வலையை வாங்கினால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. காற்றோட்டம் குறைந்து உள்ளே புழுக்கம்தான் கூடும்.

வெயில்தான் கவலை என்றால் நிழல்வலை. கீரைக்கும் இளம் நாற்றுக்கும் 35 முதல் 50 சதவீத நிழல் போதும். அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுவிடும்.

குளிரும் பனியும் என்றால் நெய்யாத துணி அல்லது பாலித்தீன். சதுர மீட்டருக்கு 17 முதல் 20 கிராம் எடையுள்ள மெல்லிய துணி வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விடும். ஓரிரு டிகிரி குளிரைத் தாங்கும். 50 கிராம் துணி கூடுதல் குளிரைத் தாங்கும், ஆனால் வெளிச்சத்தில் பாதியை விழுங்கிவிடும். அதை இரவுக்கு மட்டும் போடுங்கள்.

தெளிவான பாலித்தீன் பகலில் நன்றாகச் சூடாகும். இரவில் அந்தச் சூடு நிற்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் பாலித்தீனிடம் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள். கொட்டும் மழையிலிருந்து நாற்றைக் காக்கவும் குளிர்காலத்தில் விதையை முளைக்க வைக்கவும் அது நல்லது. வெயில் காலத்தில் அதைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் சில மாத வெயிலிலேயே நொறுங்கிவிடும்.

2. பயிரும் இதற்கு ஒத்துவர வேண்டும்

இலைக்கோ கிழங்குக்கோ வளர்ப்பவை (கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கேரட்) முதல் நாள் முதல் அறுவடை வரை மூடியே இருக்கலாம். அவற்றுக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை.

தக்காளி, மிளகாய், கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பூக்கும் காலத்தில் வளைவை லேசாகத் தட்டி அசைத்தால் போதும். ஆனால் இவை கூடாரத்தைவிட உயரமாக வளரும். முதல் ஐந்தாறு வாரங்களுக்கு மட்டுமே கூடாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களே பெரிய உதவிதான். இலைச்சுருட்டு நோயையும் வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது. இளம் வயதில் தொற்றிய செடிதான் மிக மோசமாகப் பாதிக்கப்படுகிறது.

வெள்ளரி, பூசணி, பாகல் ஆகியவற்றுக்குத் தேனீ வர வேண்டும். முதலில் ஆண் பூக்கள் வரும். அப்போது அவசரம் இல்லை. அடியில் குட்டிக் காயுடன் பெண் பூ தெரிந்த நாளிலிருந்து காலையில் திறந்து வையுங்கள். இதை மறந்துவிட்டுக் கொடி செழிப்பாக இருக்கிறது, காயைத்தான் காணோம் என்று உரத்தைக் குறை சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. இடமும் திசையும்

தாழ்கூடாரத்துக்கு முதல் எதிரி காற்று. அடிக்கடி காற்று வீசும் திசையை நோக்கிக் கூடாரத்தின் குறுகிய முனை இருக்கட்டும். நீண்ட பக்கம் காற்றைப் பார்த்தால் அது பாய்மரம்தான். காற்று ஒரு பொருட்டாக இல்லாத இடத்தில் பாத்தியை வடக்கு தெற்காக அமையுங்கள். இரு பக்கச் செடிகளுக்கும் வெயில் ஏறக்குறையச் சமமாகக் கிடைக்கும்.

பாத்தியின் ஒரு பக்கமாவது நடந்துபோக 50 செ.மீ. இடம் விடுங்கள். திறக்கும் பக்கம் அதுதான்.

4. பாத்தி வேலை முழுவதும் முடிந்த பிறகே வளைவு

வளைவுகளை ஊன்றிய பின் மண்வெட்டி வீச முடியாது. எனவே கொத்துதல், எரு கலத்தல், களை வேரைப் பொறுக்குதல், சமன் செய்தல் எல்லாம் முதலில். அடுத்து சொட்டுநீர்க் குழாயை விரித்துத் தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு துளையிலும் சொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு அடைப்பைக் கண்டுபிடிப்பது எரிச்சலான வேலை. அதன் மேல் வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்கு. கூடாரத்துக்குள் களைக்கும் நல்ல வாழ்வு என்பதால் மூடாக்கை விட்டுவிடாதீர்கள்.

பூச்சிவலை போடப்போகிறவர்கள் போன முறை அதே பாத்தியில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இலைப்பேனும் வெட்டுப்புழுவும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்துவிட்டுப் பிறகு வெளிவருபவை. முந்தைய பயிரைத் தாக்கிய பூச்சி மண்ணில் இருக்க, அதே குடும்பப் பயிரை நட்டு வலையால் மூடினால், பூச்சிக்கு வெளியே போக வழியில்லாத விருந்து மண்டபம் கட்டிக் கொடுத்ததாக ஆகும். பயிரை மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால், நல்ல வெயில் காலத்தில் ஈர மண்ணைத் தெளிவான பாலித்தீனால் நான்கு முதல் ஆறு வாரம் இறுக்கி மூடி வெக்கை ஏற்றிவிட்டு நடலாம்.

5. அளவு, பிறகு கொள்முதல்

எடுத்துக்காட்டாக 90 செ.மீ. அகலம், 6 மீட்டர் நீளமுள்ள பாத்தி.

அரைவட்ட வளைவின் நீளம் அகலத்தைப் போல் 1.57 மடங்கு: 141 செ.மீ. இரு முனையிலும் மண்ணுக்குள் போக 25 செ.மீ. வீதம் சேர்த்தால் 191. இரண்டு மீட்டராக வெட்டுங்கள். உச்சியின் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. வரும். கீரைக்கும் முள்ளங்கிக்கும் இது தாராளம். தக்காளி, மிளகாய் என்றால் இரண்டரை மீட்டராக வெட்டுங்கள். அதே அகலத்தில் முக்கால் மீட்டர் உயரம் கிடைக்கும்.

இலை போர்வையைத் தொடாத உயரம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இலை வலையில் ஒட்டினால் அந்துப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே வலையின் கண் வழியாக முட்டை வைத்துவிடும். பனியிரவில் பாலித்தீனை ஒட்டிய இலை கருகிவிடும்.

வளைவுகளின் எண்ணிக்கையில் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். மீட்டருக்கு ஒன்று என்றால் 6 மீட்டருக்கு 6 வளைவு என்று வாங்கிவருவார்கள். இடைவெளிதான் 6, வளைவு 7. கம்பி வளைவு என்றால் இடைவெளியை 75 செ.மீ. ஆகக் குறைத்து 9 வளைவு போடுங்கள், ஏனெனில் கம்பி குழாயைவிட எளிதில் சாயும்.

போர்வையின் அகலம்: 141 செ.மீ. வளைவு, பக்கத்துக்கு 30 செ.மீ. மடிப்பு, ஆக 2 மீட்டர். நீளம்: 6 மீட்டர் பாத்தி, முனைக்கு ஒரு மீட்டர் வீதம், ஆக 8 மீட்டர். அந்த ஒரு மீட்டர்தான் முனையில் இறங்கி, சுருட்டிக் கட்டவும் உதவுகிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று முனையில் கை வைத்தவர்களின் கூடாரம் முதல் காற்றில் முனையிலிருந்துதான் கிளம்பும்.

6. வளைவுக்கு என்ன பொருள்

கையில் எது இருக்கிறதோ அதில் தொடங்கலாம், குறைகளைத் தெரிந்துகொண்டு.

துத்தநாகம் பூசிய 4 மி.மீ. கம்பி வளைக்க எளிது, மண்ணில் குத்தவும் எளிது. மெல்லிய துணிக்கும் வலைக்கும் பொருத்தம். மழை தேங்கும் பாலித்தீனின் பாரத்தை அது தாங்காது.

அரை அங்குலப் பி.வி.சி. குழாய் உறுதியானது. ஆனால் 90 செ.மீ. போன்ற குறுகிய பாத்திக்கு அரைவட்டமாக வளைத்தால் நசுங்கவோ முறியவோ செய்யும், 1.2 மீட்டர் அகலத்துக்கோ உயரமான வளைவுக்கோ அது சரிவரும். வெயிலில் சற்று நேரம் கிடத்திவிட்டு வளையுங்கள். இன்னொன்று: பி.வி.சி. படும் இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் நைந்துபோகும். குழாய்க்கு வெள்ளை வர்ணம் பூசுவது அல்லது பழந்துணி சுற்றுவது அதைத் தள்ளிப்போடும். வலைக்கு இந்தக் கவலை இல்லை.

பாசனத்துக்குப் பயன்படும் கறுப்புக் குழாய் எந்த வளைவுக்கும் இணங்கும். அதன் குறை அதே இணக்கம்தான், தானாக நிற்காது.

பச்சை மூங்கிலைப் பிளந்து வளைப்பது நல்ல வழி. காய்ந்த மூங்கில் முறியும். கணுக்களைச் சீவாமலும் துணி சுற்றாமலும் விட்டால் வலை கிழிவது உறுதி.

7. வளைவுகளை ஊன்றுதல்

பாத்தியின் நான்கு மூலைகளிலும் முளை அடித்து, இரு நீண்ட பக்கங்களிலும் கயிறு கட்டுங்கள். கண்ணால் பார்த்து ஊன்றிய வளைவுகள் மூன்றாவதிலிருந்தே கோணும். கோணிய இடத்தில் போர்வை சுருங்கித் தண்ணீர் தேங்கும்.

கம்பியும் மூங்கிலும் நேராக மண்ணுக்குள் 25 செ.மீ. போகலாம். குழாயை அப்படிக் குத்தாதீர்கள். 60 செ.மீ. நீளத்தில் 10 மி.மீ. இரும்புக் கம்பித் துண்டுகளை வெட்டி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி அடித்து, வெளியே தெரியும் பாதியின் மேல் குழாயைச் செருகுங்கள். இப்படிச் செய்தால் குழாயில் மண்ணுக்கான நீளம் தேவையில்லை; வெட்டும் முன் அதைக் கழித்துவிடுங்கள். கம்பித் துண்டை இலேசாக வெளிப்பக்கம் சாய்த்து அடித்தால் குழாயின் விறைப்பு அதை மண்ணோடு இறுக்கும்.

இரண்டு முனை வளைவுகளையும் முதலில் ஊன்றிவிட்டு, உச்சிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். மற்ற வளைவுகளின் உச்சி அந்த நூலைத் தொட வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் அங்கே குழி விழும்.

8. முதுகுக்கயிறு

இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் கூடாரத்தில் விட்டேன். ஒரே இரவுக் காற்றில் ஏழு வளைவுகளும் சீட்டுக்கட்டு போல ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

கூடாரத்தின் இரு முனைக்கும் அப்பால் 60 செ.மீ. தள்ளி, வெளிப்பக்கம் சாய்ந்தபடி உறுதியான முளை அடியுங்கள். ஒரு முளையிலிருந்து நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி, மறு முனையின் முளையில் கட்டுங்கள். வளைவுகள் தனித்தனியாக நிற்பதை விட்டு ஒரே உடலாகும். பாலித்தீன் வளைவுகளுக்கு நடுவே தொங்குவதும் குறையும். கயிற்று முடிச்சுகளின் நுனி மேல்நோக்கி நீட்டாமல் பாருங்கள்.

9. நடவும் போர்வையும் ஒரே நாளில்

நாற்றை நடும் முன் ஒவ்வொன்றின் இலையடியையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈயின் குஞ்சுகளும் அசுவினியும் அங்குதான் இருக்கும். சந்தேகமான நாற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றுக்கு இரக்கப்பட்டால் முழுப் பாத்தியும் போகும்.

நட்டு, தண்ணீர் விட்டு, அன்று மாலையே மூடிவிட வேண்டும். "செடி வேர் பிடிக்கட்டும், இரண்டு நாள் கழித்து மூடலாம்" என்பது நல்லெண்ணம்தான், ஆனால் வெள்ளை ஈக்கு இரண்டு நாள் தாராளம். வலைக்குள்ளும் செடி வேர் பிடிக்கும்.

10. போர்த்துவது எப்படி

காற்றில்லாத நேரத்தில், முடிந்தால் இருவராகச் செய்யுங்கள். காற்று வரும் முனையில் தொடங்குங்கள். அந்த முனைத் துணியைச் சடைபோல முறுக்கி முளையில் கட்டியபின், மறு முனைக்கு இழுத்துச் சென்று, சுருக்கம் போகும்வரை இழுத்துக் கட்டுங்கள். நீளவாக்கில் இறுக்கிய பிறகுதான் பக்கங்கள். பக்கத்தை முதலில் பிடித்துவிட்டால் நீளச் சுருக்கத்தை எடுக்கவே முடியாது.

இனி திறக்கும் வசதி. நடைபாதை இல்லாத பக்கத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் போலப் பறித்து, துணியின் ஓரத்தை உள்ளே விட்டு, மண் போட்டு மிதித்துவிடுங்கள். அந்தப் பக்கம் பருவம் முடியும்வரை நிரந்தரம். நடைபாதைப் பக்கத்தை மண்ணில் புதைக்காதீர்கள். துணியின் ஓரத்தை ஒரு நீண்ட மூங்கில் கழியிலோ குழாயிலோ சுற்றிக் கட்டி, அதன் மேல் மணல் பைகளை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். திறக்கும்போது பைகளை எடுத்துவிட்டுக் கழியை மேலே உருட்டினால் போதும். செங்கல்லும் கூர்மையான கல்லும் வேண்டாம். இழுபடும்போது வலையை அறுத்துவிடும்.

கடைசியாக மேற்கயிறு. முதல் வளைவின் இடது காலில் கட்டி, போர்வையின் மேலாகக் குறுக்கே கொண்டுபோய் இரண்டாவது வளைவின் வலது காலில் சுற்றி, மறுபடி மூன்றாவதன் இடது கால் என்று கோணல்மாணலாகக் கொண்டு செல்லுங்கள். கயிறு வளைவுகளுக்கு நடுவே அழுத்துவதால் காற்று போர்வையை ஊதித் தூக்க முடியாது. ஓரத்தை மேலே தள்ளினால் கயிற்றின் இறுக்கமே அதை அங்கே நிறுத்தியும் வைக்கும்.

நிழல்வலை மட்டும் போடுகிறவர்கள் ஓரத்தைத் தரைவரை இறக்க வேண்டாம். இரு பக்கமும் 20, 30 செ.மீ. இடைவெளி விட்டுக் கவ்வியால் வளைவோடு பிடியுங்கள். காற்று உள்ளே ஓட வேண்டும்.

11. திறப்பதும் மூடுவதும்

பாலித்தீன் கூடாரத்தில் இது தினசரி வேலை, விடுமுறை கிடையாது. வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் உள்ளே வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். குளிர்ந்த காலை என்று திறக்காமல் வெளியே கிளம்பிப்போய், மாலையில் வெந்த கீரையைப் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. செடியின் உயரத்தில், நிழல் படும்படி ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். 25 டிகிரியைத் தாண்டும்போது முனைகளைத் திறவுங்கள். 30 ஆனால் பக்கத்தையும் தூக்குங்கள். 35க்கு மேல் தக்காளியின் பூ உதிரத் தொடங்கும். சூரியன் மறைய ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடினால் மிச்சச் சூடு உள்ளே நிற்கும். இருட்டிய பிறகு மூடுவதில் பெரிய பயன் இல்லை.

காலையில் உட்புறம் நீர்த்துளிகள் கோத்திருந்தால், அது செடிக்குத் தண்ணீர் போதும் என்பதற்கு அடையாளம் இல்லை; காற்று போதவில்லை என்பதற்கான அடையாளம். அந்த ஈரம் நீடித்தால் நாற்றழுகல் வரும்.

பூச்சிவலையில் கதை வேறு. அதைத் தேவைக்கு மட்டும் திறக்க வேண்டும், அதுவும் பூச்சிகள் மந்தமாக இருக்கும் அதிகாலையில். களை, அறுவடை, கட்டுதல் எல்லாவற்றையும் ஒரே திறப்பில் முடித்துவிட்டு, உடனே மூடுங்கள். காலை உணவுக்குப் பிறகு மூடிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு மணி நேரம் போதும்.

12. மூடிவிட்டோம் என்று மறந்துவிட வேண்டாம்

வாரம் இரு முறை உள்ளே பாருங்கள். வலை பூச்சியைத் தடுப்பது போலவே பொறிவண்டையும் தடுக்கிறது. எப்படியோ நுழைந்த ஓர் அசுவினிக்கு அங்கே எதிரியே இல்லை. பத்து நாளில் கிளை முழுவதும் அப்பிவிடும். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்ததை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அசுவினி பெருகிவிட்டால் வலையை அகற்றிப் பொறிவண்டுக்கு வழிவிடுவது மூடி வைப்பதைவிட மேல்.

வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் வரும். இலையில் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

சிறு கிழிசலை அன்றைக்கே தைத்துவிடுங்கள். பெருமழைக்குப் பிறகு பாலித்தீனில் தேங்கிய நீரை உள்ளேயிருந்து கையால் தள்ளிக் கொட்டிவிட்டு, போர்வையை மறுபடி நீளவாக்கில் இழுத்துக் கட்டுங்கள்.

13. எடுக்கும் நாள்

ஒரே நாளில் முழுவதும் உருவாதீர்கள். கூடாரத்துக்குள் வளர்ந்த இலை மென்மையானது; நேர் வெயிலில் வெளுத்துவிடும். முதல் இரண்டு நாள் மாலையில் மட்டும், அடுத்த இரண்டு நாள் பாதி நாள், பிறகு முழுவதும். மேகமூட்டமான நாளாக அமைந்தால் இன்னும் நல்லது.

எடுத்த வலையை நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் ஒரு கழியில் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் அடுத்த ஆண்டு கிழியும். சுருளின் மேல் "90 செ.மீ. பாத்தி, 8 மீட்டர்" என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.